தீயும் பெருந்தெருவும்

அக்கினியை நம் முன்னோர் தெய்வமென வணங்கினர். வேள்விக் குண்டத்திலும் வீட்டு அடுப்பிலும் திருவிளக்கிலும் அவனைக் கண்டு கைகூப்பினர். ஆயினும் அவனுடைய பசியையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மகாபாரதத்திலே காண்டவ வனம் எரிந்த கதையை அறியாதார் இலர். அக்கினிதேவன் அந்தணன் வடிவில் வந்து உணவு கேட்டான். கண்ணனும் அருச்சுனனும் துணை நின்றனர். இந்திரன் பொழிந்த மழையாலும் தடுக்க முடியாதவாறு காடு முழுவதும் வெந்து சாம்பராயிற்று. தப்பிய உயிர்கள் மிகச் சிலவே. அவ்வாறு தப்பிய சிலருள் ஒருவனாகிய மயன் என்னும் சிற்பியே பின்னர்ப் பாண்டவர்க்கு உலகம் வியக்கும் சபா மண்டபத்தை அமைத்துக் கொடுத்தான்.

சிலப்பதிகாரத்தில் வரும் தீ வேறொரு வகையினது. மதுரையை எரிக்கக் கண்ணகி ஏவிய அத்தீ, அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீத்திறத்தாரையே சாரவேண்டும் என்று ஆணை பெற்றது. காவியத் தீக்கு நல்லோரையும் தீயோரையும் பகுத்தறியும் கண் உண்டு. ஆலைகளில் மூளும் தீக்கு அத்தகைய கண் இல்லை. கதவு எங்கே பூட்டப்பட்டிருக்கின்றதோ, படிக்கட்டு எங்கே ஒடுங்கியிருக்கின்றதோ, அங்கே அகப்பட்டவரையே அது கொள்ளுகின்றது. பெரும்பாலும் அவர் நாட்கூலிக்கு உழைக்கும் ஏழைகள்.

இவ்விரு கதைகளையும் மனத்திருத்திக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்கு நோக்குவோம். அங்கே தொழிற்சாலைகளில் தீ மூண்டு பலர் மாண்டனர். அத்தீயையே காரணமாகக் காட்டி, அத்தொழிற்சாலைகள் நின்ற பகுதியையே துடைத்தெறிந்து, அதன் ஊடாக ஒரு பெருந்தெரு அமைக்க வேண்டுமென வல்லார் சிலர் விரும்பினர். தீ கற்பித்த பாடம் யாது, அதனை யார் எவ்வாறு படித்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரும்பு முகப்பும் மரத் தளமும்

மன்ஹற்றன் தீவின் தென்பாகத்தில், வடக்கே ஹவுஸ்டன் வீதிக்கும் தெற்கே கனால் வீதிக்கும் இடையே ஒரு பகுதி உண்டு. இன்று அது சோஹோ எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே வணிகர்கள் ஐந்து, ஆறு மாடிகள் கொண்ட பண்டகசாலைகளையும் கடைகளையும் எழுப்பினர். அவற்றின் முகப்புக்கள் வார்ப்பிரும்பினாலானவை. தூண்களும் வளைவுகளும் சாளரச் சட்டங்களும் வார்ப்படச் சாலைகளில் அச்சில் வார்க்கப்பட்டு, கட்டுமிடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, திருகாணிகளால் பொருத்தப்பட்டன. கல்லிலே செதுக்கின் பல மாதங்கள் வேண்டிய வேலை இவ்வாறு விரைவாகவும் மலிவாகவும் முடிந்தது. பிறோட்வேயும் புறூம் வீதியும் சந்திக்கும் மூலையில் 1857ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஹோவற் கட்டடம் இவற்றுட் புகழ் வாய்ந்தது. பீங்கானும் கண்ணாடியும் விற்ற அக்கடையிலேதான், பொதுமக்களை ஏற்றியிறக்கும் ஒட்டிஸ் லிப்ற் முதன் முதலாகப் பொருத்தப்பட்டது.

செல்வர்களின் கடைகள் காலப்போக்கில் வடக்கு நோக்கி நகர்ந்தன. எஞ்சிய மாடிகளில் சிறு தொழில்கள் குடிபுகுந்தன. உள்ளாடை தைப்போர், தொப்பி செய்வோர், அச்சிடுவோர், காகிதக் கட்டுகளையும் கந்தற் துணிகளையும் சேர்த்து விற்போர் எனப் பலர் ஒரே கட்டடத்தில் மாடிக்கொருவராக இருந்து தொழில் புரிந்தனர்.

இக்கட்டடங்களின் முகப்பு இரும்பாயினும் உள்ளே இருந்தவை மர உத்திரங்களும் மரத் தளங்களுமே. நூறாண்டு உலர்ந்து எண்ணெய் ஊறிய பலகைகள் எளிதிற் பற்றின. படிக்கட்டுக் கூடமும் சரக்கேற்றும் லிப்ற் செல்லும் குழியும் கீழிருந்து மேல்வரை திறந்து கிடந்தமையால், தீ மூண்டபோது அவையே புகைபோக்கிகள் போலாகிச் சுவாலையை மேலே இழுத்தன. வார்ப்பிரும்பு தானே எரிவதில்லை. ஆனால் கடுஞ்சூட்டில் அதன் வலிமை குன்றும். அந்நிலையிற் குளிர்ந்த நீர் பாய்ச்சப்படின் அது வெடித்துப் பிளப்பதும் உண்டு. ஆகவே, தீயணைப்போருக்கு இப்பகுதி என்றும் அச்சம் விளைவிப்பதாகவே இருந்தது.

1911ஆம் ஆண்டுத் தீ

இப்பகுதிக்குச் சிறிது வடக்கே, வாஷிங்டன் சதுக்கத்தின் அருகே, பத்து மாடிகள் கொண்ட ஆஷ் கட்டடம் நின்றது. அதன் மேல் மூன்று மாடிகளில் திரையாங்கிள் என்னும் சட்டைத் தொழிற்சாலை இயங்கியது. அங்கு உழைத்தோரிற் பெரும்பாலார் யூத, இத்தாலியக் குடியேறிகளின் இளம் பெண்மக்கள். 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி, சனிக்கிழமை, வேலை முடியும் தறுவாயில் எட்டாம் மாடியில் தீ மூண்டது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புறத்து இரும்பு ஏணி பாரந்தாங்காது முறிந்து வீழ்ந்தது. தீயணைப்புப் படையின் ஏணிகள் ஆறாம் மாடிவரைதான் எட்டின. வீதியில் நின்றோர் கண்முன்னே பெண்கள் சாளரங்களினின்றும் குதித்தனர். மொத்தம் 146 பேர் மாண்டனர்.

ஒன்றை இங்கே கருத்திற் கொள்ளவேண்டும். தீயில் அழியாதது என விளம்பரஞ் செய்யப்பட்ட அக்கட்டடம் உண்மையிலேயே அழியவில்லை. திருத்தப்பட்டு, நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இன்றும் நிற்கின்றது. அழிந்தவர்கள் அதனுள் இருந்த மக்களே. சூடு பட்டவுடன் தாமே திறந்து நீர் சொரியும் குழாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவை அங்கே பொருத்தப்படவில்லை. ஆலை உரிமையாளர் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றமற்றவரென விடுதலையாயினர்.

எனினும் அச்சாவுகள் முற்றும் வீண்போகவில்லை. அன்று வீதியில் நின்று அக்கொடுமையைக் கண்ட பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்னும் பெண்மணி தம் வாழ்நாளைத் தொழிலாளர் பாதுகாப்புக்கே அர்ப்பணித்தார். நியூயோர்க் மாநிலம் அமைத்த ஆலை விசாரணைக் குழு பல சட்டங்களுக்கு வழிவகுத்தது. 1933இல் அப்பெண்மணி ஐக்கிய அமெரிக்காவின் தொழிலமைச்சர் பதவியேற்றார். அந்நாட்டு மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

பெருந்தெருக் காலம்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவிலே மோட்டார் வாகனம் அரசு செலுத்தத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆந் திகதி ஜனாதிபதி ஐசனோவர் ஒப்பமிட்ட பெருந்தெருச் சட்டம், 41,000 மைல் நீளமான வலையமைப்புக்கு வழி திறந்தது. மாநிலங்களுக்கிடையிலான பெருந்தெருவாக ஏற்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசே தரும் என அச்சட்டம் கூறியது. நகரசபைகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறில்லை. பத்து டொலர் போட்டால் தொண்ணூறு டொலர் வந்து சேரும். அத்தகைய நிலையில் வீதி வேண்டுமா வேண்டாமா என்று வினவுவோர் எவர்?

நியூயோர்க் நகரில் இவ்வேலைகளின் சூத்திரதாரி றொபேட் மோசஸ் என்பவர். மக்களால் எப்பதவிக்கும் தெரிவு செய்யப்படாதவர். 1934இல் மாநில ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றவர். ஆனால் பல அதிகார சபைகளின் தலைவராக அமர்ந்து, பாலங்களையும் பூங்காக்களையும் கடற்கரைகளையும் விரைவுப் பெருந்தெருக்களையும் அமைத்து, நகரபிதாக்களையும் விஞ்சிய வலிமை பெற்றார். இத்தனை வீதிகளை அமைத்த அவருக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது என்பது வியப்புக்குரியது. அவருடைய திறமையையும் உழைப்பையும் எவரும் மறுப்பதற்கில்லை. நகரத்துச் சிறார் விளையாட அவர் அமைத்த இடங்கள் பல. ஆனால் தம் கோட்டுக்குக் குறுக்கே நின்ற குடிசையையும் கோபுரத்தையும் அவர் ஒரே கண்ணால் நோக்கினார். புறொங்ஸ் பகுதியை ஊடறுத்துச் சென்ற பெருந்தெருவுக்காக ஒரு மைல் நீளத்தில் மட்டும் ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வீடிழந்தன.

மன்ஹற்றனின் தென்பாகத்தைக் குறுக்கே கடக்கும் ஒரு விரைவுப் பெருந்தெரு அவருடைய நெடுநாட் கனவு. மேற்கே ஹொலண்ட் சுரங்கவழியையும் கிழக்கே வில்லியம்ஸ்பேர்க், மன்ஹற்றன் பாலங்களையும் அது இணைக்கும். தூண்களின்மேல் உயர்ந்து, பத்து வரிசை வாகனங்கள் செல்லத்தக்கதாய், புறூம் வீதி வழியாக அது ஓடும். அதற்காக ஏறத்தாழ 2,000 குடும்பங்களும் 800 தொழில் நிலையங்களும் பெயர்க்கப்பட வேண்டியிருந்தன. முன்னர்க் கூறிய ஹோவற் கட்டடமும் அக்கோட்டிலேயே நின்றது.

இத்திட்டம் 1940களிலிருந்தே வரைபடத்தில் இருந்தது. வீதி வரவில்லை. ஆனால் வரும் வரும் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. நாளை இடிபடப்போகும் கட்டடத்தில் இன்று எவர் பணத்தைச் செலவிடுவார்? உரிமையாளர் பழுது பார்க்கத் தயங்கினர். வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. புதிய படிக்கட்டுக்கோ நீர்க்குழாய்க்கோ செலவிட ஒருவரும் முன்வரவில்லை. கட்டப்படாத ஒரு வீதியின் நிழல் விழுந்த இடமெல்லாம் நலிவுற்றது என்று அத்திட்டத்தை எதிர்த்தோர் பின்னர் எடுத்துக் காட்டினர். இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க உண்மை. நலிவுற்றமையால் இடிக்கவேண்டும் என்றார்கள். இடிக்கப்போவதாகச் சொன்னமையாலேயே நலிவு மிகுந்தது.

1958: இரு தீக்கள்

1958ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி வூஸ்டர் வீதியிலே காகிதமும் கயிறும் சேமித்து வைத்திருந்த ஒரு கட்டடத்திற் தீப்பற்றியது. காகிதக் கட்டுகள் நிறைந்த கட்டடத்தில் ஆபத்து இருவகையானது. எரியும்போது சுவாலை ஓர் ஆபத்து. அணைக்கப் பாய்ச்சும் நீரைக் காகிதம் உறிஞ்சிக் கொண்டு பன்மடங்கு கனப்பதும் மற்றோர் ஆபத்து. எரிந்து மெலிந்த உத்திரங்கள் அப்பாரத்தைத் தாங்குவது அரிது. அன்று அக்கட்டடம் இடிந்து வீழ்ந்தது. தீயணைப்புப் படையைச் சேர்ந்த இருவரும் தீக்காவற் படையைச் சேர்ந்த நால்வரும் அதனுட் புதையுண்டு மாண்டனர். தீக்காவற் படை என்பது காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தியதொரு சேவை. எரியும் வீட்டுக்குள் புகுந்து, சரக்குகளின்மேல் தார்ப்பாய் விரித்து, புகையாலும் நீராலும் அவை கெடாது காப்பதே அப்படையினரின் கடமை. பிறருடைய சரக்கைக் காக்கப் புகுந்தவர்கள் தம் உயிரை இழந்தனர்.

ஐந்து வாரங்கள் கழியுமுன் அடுத்த துயரம் நேர்ந்தது. மார்ச் 19ஆந் திகதி பிற்பகல், பிறோட்வேயில் 623ஆம் இலக்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், துணிக்கு அச்சிடும் ஒரு தொழிற்சாலையிலிருந்து தீ கிளம்பியது. நான்காம் மாடியில் மொனார்க் உள்ளாடைக் கம்பனியின் தையலாட்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். கீழிருந்து எழுந்த தீ அவர்களுடைய வழியை மறித்தது. 24 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் பெண்கள். அக்கட்டடத்தில் தன்னியக்க நீர்த்தெளி குழாய்கள் இருக்கவில்லை.

திரையாங்கிள் தீ நிகழ்ந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் இடையே அரை மைல் தூரங்கூட இல்லை. திரையாங்கிள் தீயின் நாற்பத்தேழாவது நினைவு நாளுக்கு ஆறு நாட்களே இருந்தன. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அத்தனை பெண்கள் உயிர் கொடுத்து எழுதிவைத்த பாடம், கூப்பிடு தூரத்திலேயே மறக்கப்பட்டுக் கிடந்தது.

அவ்வட்டாரத்தில் அடிக்கடி மூண்ட தீக்களின் காரணமாக, தீயணைப்புத் திணைக்களத் தலைவர் எட்வேட் கவனாவின் காலத்தில், அப்பகுதிக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. நரகத்தின் நூறு ஏக்கர் என்பதே அப்பெயர்.

பெயரும் தீர்ப்பும்

தம் ஆட்களைப் பறிகொடுத்த ஒரு படையினர் துயரத்தால் இட்ட பெயர் அது. அதில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பரிசோதனைகளைக் கடுமையாக்கவும், நீர்த்தெளி குழாய்களை வற்புறுத்தவும், கதவுகளையும் படிக்கட்டுகளையும் கவனிக்கவும் தீயணைப்புத் திணைக்களம் முற்பட்டது. இது தீயிடமிருந்து கற்ற நேரிய பாடம்.

ஆனால் வேறு சிலர் அப்பெயரையே தீர்ப்பாகக் கொண்டனர். நரகமெனப் பெயர் பெற்ற இடத்தை இடிப்பது பாவமாகுமா? 1962ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரக் கழகம் என்னும் பிரமுகர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இப்பகுதியை நகரின் பாழ்நிலமென அது வருணித்தது. இடித்துப் புதிதாகக் கட்டவேண்டுமென விதந்துரைத்தது. பெருந்தெருவை விரும்பியோருக்கு இது வாய்ப்பாயிற்று. பாழ்நிலத்தின் ஊடாக வீதி போனால் எவருக்கும் நட்டமில்லை அல்லவா?

பழைய கட்டடம் என்பதனாலே தீ விளைகின்றது என்ற இவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும்? அதே காலத்து மற்றுமொரு தீயை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மிச்சிக்கன் மாநிலத்தில் டெற்றோயிற் நகருக்கு அருகேயுள்ள லிவோனியாவில், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி மோட்டார் வண்டிகளுக்குத் தன்னியக்கப் பற்சக்கரப் பெட்டி செய்யும் பெருந் தொழிற்சாலை ஒன்றை நடத்தியது. நகரத்து நெருக்கத்தை விட்டு வெளியே, அகன்ற வீதியோரத்தில், ஒரே மாடியாகப் பரந்து நின்ற அத்தொழிற்சாலை அக்காலத் தொழிற்சாலைகளுக்கு இலக்கணமாக விளங்கியது. மரத் தளமும் இல்லை, இருண்ட படிக்கட்டும் இல்லை. கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி, இரும்பை வெட்டும் சுடரிலிருந்து பறந்த பொறியொன்று எரிதிரவத்தைப் பற்றியது. 34 ஏக்கர் பரப்புக்கு மேற்பட்ட அக்கட்டடத்துள்ளே தீயைத் தடுத்து நிறுத்தும் குறுக்குச் சுவர்கள் இல்லை. மிகச் சிறு பகுதிக்கே நீர்த்தெளி குழாய்கள் இருந்தன. உருக்குக் கூரையின் மேற் பூசியிருந்த தார் உருகி உள்ளே ஒழுகி, எரிந்தது. சில மணி நேரத்தில் தொழிற்சாலை முழுவதும் இரும்புக் குவியலாயிற்று. அறுவர் உயிரிழந்தனர். அதுவரை அமெரிக்காவில் நிகழ்ந்த ஆலைத் தீக்களிலே பொருட்சேதத்தால் மிகப் பெரியது இதுவே எனப்பட்டது.

நூறாண்டுப் பழைமை வாய்ந்த மரத் தளமும் எரிந்தது, சில ஆண்டுகளே ஆன உருக்குக் கூரையும் எரிந்தது. இரண்டிலும் குறைவாயிருந்தவை ஒன்றே: தீயைப் பிரித்து அடக்கும் சுவர், நீர் தெளிக்கும் குழாய், முன்னெச்சரிக்கை. லிவோனியாத் தீயின் பின்னர் எவரும் மோட்டார்த் தொழிலையே ஒழிக்கவேண்டும் என்று கூறவில்லை. கூரை அமைக்கும் விதிகளைத் திருத்தினர். கம்பனி வேறோர் இடத்திற் சில வாரங்களில் மீண்டும் தொழிலைத் தொடங்கியது. பெருங்கம்பனிக்குத் தீ நேரின் விதி திருத்தப்படுகின்றது. சிறு தொழிலாளருக்குத் தீ நேரின் அவர்கள் நின்ற நிலமே பறிபோகப் பார்க்கின்றது.

கணக்கெடுத்த அறிஞர்

இந்நிலையில் நகரத் திட்டக் குழு ஒரு நற்காரியம் செய்தது. உண்மையிலேயே அங்கு என்ன இருக்கின்றது என்று பார்த்து வருமாறு செஸ்டர் றாப்கின் என்னும் நகர அமைப்பு அறிஞரைப் பணித்தது. 1963இல் அவருடைய அறிக்கை வெளியாயிற்று.

பாழ்நிலம் எனப்பட்ட அவ்விடத்தில், அவர் ஆராய்ந்த பன்னிரண்டு வீதித் தொகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 650 தொழில் நிலையங்கள் இருந்தன. அவற்றில் 12,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் கறுப்பின மக்களும் புவேட்டோறிக்கோவிலிருந்து வந்தோரும், சிறப்பாகப் பெண்களும் ஆவர். வேறிடங்களில் எளிதில் வேலை கிடையாதோர் அவர்கள். வாடகை மலிவாயிருந்தமையாலேயே சிறு முதலாளிகள் அங்கே தொழில் நடத்த முடிந்தது. இடித்துப் புதுக்கினால் அவ்வாடகை மறையும், வாடகை மறைந்தால் தொழில் மறையும், தொழில் மறைந்தால் அப்பெண்களின் அடுப்பு அணையும். ஆகவே அங்குள்ள தொழில்களைப் பேணிக் கட்டடங்களைச் சீர்செய்வதே தக்கது என அவர் முடிவு கூறினார்.

வெளியே நின்று நோக்கியவர்களுக்குக் கரிபடிந்த சுவர்களே தெரிந்தன. உள்ளே சென்று எண்ணியவருக்கு மனிதர் தெரிந்தனர்.

மக்கள் போராட்டம்

புறூம் வீதியிலே திருச்சிலுவையின் பெயரால் அமைந்த ஒரு சிறு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. அதுவும் பெருந்தெருவின் வழியில் நின்றது. அதன் பங்குக் குருவாகிய லா மவுண்டன் அடிகளார் தம் மக்களை ஒன்று திரட்டினார். நகரங்களைப் பற்றி 1961இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணியைத் துணைக்கழைத்தார். பட்டம் எதுவும் பெறாத அப்பெண்மணி, வீதியோரத்து மக்களின் நடமாட்டத்தைக் கூர்ந்து நோக்கியே நகரத்தின் இயல்பை அறிந்தவர். கடைக்காரரும் தையற்காரரும் இத்தாலியக் குடும்பத்தாரும் கூட்டங்கூட்டமாக நகர மண்டபத்துக்குச் சென்றனர். 1962ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நகரத்தின் மதிப்பீட்டுச் சபை அத்திட்டத்தை நிராகரித்தது.

ஆனால் கொன்ற பாம்பு மீண்டும் தலையெடுத்தது போல அத்திட்டம் வெவ்வேறு வடிவில் எழுந்தது. 1968ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் நடந்த பொது விசாரணைக் கூட்டத்தில், மக்கள் பேச்சை அதிகாரிகள் செவிமடுக்கவில்லையெனக் கண்டித்து ஜேன் ஜேக்கப்ஸ் மேடையேறினார். அவர் கைது செய்யப்பட்டார். அச்செய்தி நகரெங்கும் பரவியது. 1969இல் நகரபிதா லின்சே திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அதே ஆண்டில் நகர வரைபடத்திலிருந்தும் அது நீக்கப்பட்டது. முப்பதாண்டு நிழல் ஒருவாறு விலகியது.

இதற்கிடையில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. தொழில்கள் விட்டுச்சென்ற மாடிகளில், பெருஞ் சாளரங்களின் ஒளியை நாடி, ஓவியரும் சிற்பிகளும் குடியேறினர். தொழிற் கட்டடத்தில் வசிப்பது சட்டத்துக்கு மாறு. 1958ஆம் ஆண்டுத் தீக்களின் பின் பரிசோதனை கடுமையானபோது, அவர்களிற் பலர் வெளியேற்றப்பட்டனர். 1961இல் அவர்கள் சங்கமாகச் சேர்ந்து நகரசபையுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்படி, கலைஞர் வசிக்கும் கட்டடத்தின் வாயிலில் ஒரு பலகை தூக்கவேண்டும். இங்கே ஒருவர் வாழ்கின்றார், இன்ன மாடியில் வாழ்கின்றார் என அப்பலகை கூறும். நள்ளிரவில் தீ மூளின், உள்ளே உயிர் உண்டு என்பதைத் தீயணைப்போர் அறிந்துகொள்வதற்கே இவ்வேற்பாடு.

சின்னஞ்சிறு பலகைதான். ஆனால் இவ்வரலாற்றின் சாரம் அதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. நரகம் என்ற பெயர் அங்கே மனிதர் இருப்பதை மறைத்தது. அப்பலகையோ உள்ளே மனிதர் உண்டென்று அறிவித்தது.

வெற்றியும் குறையும்

1973ஆம் ஆண்டில் அவ்வட்டாரம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு கட்டடங்கள் அதனுள் அடங்கின. இடிக்கத்தக்க பாழ் என ஒருகால் இகழப்பட்ட வார்ப்பிரும்பு முகப்புக்களைக் காண இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். காண்டவத் தீயிலிருந்து தப்பிய மயனைப் போல, பெருந்தெருவிலிருந்து தப்பிய அந்த வட்டாரமும் தன் நகருக்கு அணி செய்தது.

ஆனால் வரலாற்றை எழுதுவோர் வெற்றியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போதல் முறையன்று. றாப்கின் கணக்கிட்ட அந்தப் பன்னீராயிரம் தொழிலாளர் என்னவாயினர்? இரும்பு முகப்புக்கள் காக்கப்பட்டன. அவற்றின் பின்னே உழைத்தோரின் தொழில்கள் காக்கப்படவில்லை. மலிந்த கூலியையும் அகன்ற இடத்தையும் நாடி ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கலைஞர் வந்தனர். கலைஞரைத் தொடர்ந்து செல்வர் வந்தனர். தையல் இயந்திரம் ஒலித்த மாடிகள் இன்று பெருவிலைக்கு விற்கப்படும் மாளிகைகள். கட்டடத்தைக் காப்பது எளிது. அதனுள் வாழும் ஏழையைக் காப்பது அதனினும் அரிது. இந்த இரண்டாம் பாடத்தை எந்நகரமும் இன்னும் முற்றாகக் கற்றதாகத் தெரியவில்லை.

தையல் வேலை சென்ற இடமெல்லாம் பழைய தீயும் கூடவே சென்றது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, வங்காளதேசத்தின் தலைநகர் டாக்காவுக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில், கீழ்த் தளத்துக் களஞ்சியத்தில் மூண்ட தீ மேல் மாடிகளில் இருந்தோரின் வழியை மறித்தது. 112 பேருக்குக் குறையாது மாண்டனர். 1911இல் நியூயோர்க்கில் எழுந்த அதே ஓலம் நூறாண்டு கழித்து நம் அயலிலே கேட்டது.

முடிவுரை

தீ விபத்து நிகழ்ந்தவுடன் இரு குரல்கள் எழுவது வழக்கம். கதவைத் திறந்து வை, குழாயைப் பொருத்து, படிக்கட்டை அகலமாக்கு, பரிசோதனை செய் என்பது ஒரு குரல். இது சிறிய குரல். செலவும் சலிப்பும் தருவது. திறப்பு விழாவும் பூமாலையும் இதற்கு இல்லை. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளு, புதுயுகத்தைச் சமை என்பது மற்றைய குரல். இது பெரிய குரல். வரைபடமும் பிரசங்கமும் இதன் பக்கம் நிற்கும். நியூயோர்க் நகரின் வரலாறு, சிறிய குரலே உயிர்களைக் காத்தது என்பதை நமக்குக் காட்டுகின்றது.

இது பெருந்தெருக்களை வெறுத்துக் கூறுவதன்று. நோயாளியை வைத்தியசாலைக்கும் நெல்லைச் சந்தைக்கும் கொண்டு செல்லும் வீதி எந்நாட்டுக்கும் வேண்டியதே. ஆனால் வீதி எவருக்காக, எவருடைய முற்றத்தின்மேல் என்ற வினாவை எழுப்பாமல் கோடு கிழிக்கும் கை, காண்டவ வனத்தை எரித்த கையினும் கொடியது. அக்கதையிலே அக்கினி தன் பசியைத் தானே வாய்திறந்து சொன்னான். இங்கோ பசித்தவர் ஒருவர், பழி சுமந்தது தீ.

சேவையை நோன்பாகக் கொண்ட வாலிபர் சங்கத்தாராகிய நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது? நம் சங்க மண்டபத்தில் விழா நடக்கும்போது பின்வாயிற் கதவு பூட்டியிருக்கின்றதா என எழுந்து சென்று பார்ப்பவன் செய்வது சிறு தொண்டாகத் தோன்றலாம். அத்தொண்டு ஒன்பதாம் மாடியில் அன்று நிகழ்ந்திருப்பின், எத்தனையோ பெண்கள் அந்தச் சனிக்கிழமை மாலை வீடு திரும்பியிருப்பர். அக்கினியை வணங்கும் நாம் அவன் வழியில் எவரையும் பூட்டி வைக்காதிருத்தலும் அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே எனக் கொள்வோமாக.